அரைக்கால் மில்லிமீட்டர்

சேசு மரி சூசை துணை

போலாரம், ஹைதராபாத்
8 ஜூன் 2024

அன்புத் தம்பி பாபுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் சுகமில்லை. அது வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி ஆகிவிட்டது, காலையில் எழுந்ததும் அதைத் தனியாக விசாரிக்க வேண்டியிருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? புனேயில் சோறு கிடைக்கிறதா, மூன்று வேளையும் வடாபாவ்தானா?

முதலில் சண்டை. போன மாதம் உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அனுப்புகிறாய். போன் போட்டால் "ஹவ் அக்கா, ஹவ் அக்கா" என்று ஹைதராபாத் பாணியில் நாலு தடவை ஆமாம் போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். மாதம் ஒரு கடிதம், கையால், தமிழில். நீ வீட்டை விட்டுப் போகும்போது நான் கேட்டது அது ஒன்றுதான். அப்பா இறந்தபோது உனக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்தில் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும் வந்துவிட்டன. அப்பாவின் மொழியை உனக்கு நான்தான் ஒட்டவைத்தேன். அதைப் புனேயில் உரித்துப் போட்டுவிட்டு வராதே.

என் கதை கேட்டாயே, சொல்கிறேன். ஒரு நொடியைக் கோடி துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி கோடியாக்கினால் எவ்வளவு நேரம்? கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் எங்கள் லேசர் ஒரு தடவை மின்னும். அப்படி மின்னி மின்னி எவர்சில்வர் தகட்டில் கண்ணுக்குத் தெரியாத கோடுகளைக் கிழிக்கிறேன். கோடு சரியாக விழுந்தால் தகட்டில் தண்ணீர் ஒட்டாது, முத்தாக உருண்டு ஓடிவிடும். துருவும் பாசியும் பிடிக்காது.

தொல்லை என்னவென்றால், கோடு போட்ட புதிதில் தகடு தண்ணீரைக் குடிக்கிறது. அலமாரியில் மூன்று வாரம் சும்மா கிடந்த பிறகுதான் விரட்ட ஆரம்பிக்கிறது. இது உலகத்துக்கே தெரிந்த விஷயம். இதைச் சொல்லி எனக்கு யார் டாக்டர் பட்டம் தருவார்கள்? ரகுநாதன் சார் (என் கைடு, நீ ஒருமுறை பார்த்திருக்கிறாய்) நேற்று நேராகவே சொல்லிவிட்டார்: "என்னம்மா, ஜனவரியோட ஆறு வருஷம் முடியறது. புதுசா ஒண்ணு இல்லாம தீசிஸ் வாங்க மாட்டேன்." பத்து வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, நீ காலேஜ் முடிக்கும் கட்டத்துக்கு வந்த பிறகுதானே நான் படிக்கவே போனேன். முப்பத்தெட்டு வயதில் மறுபடி சாக்பீஸ் பிடிக்க எனக்குத் தெம்பில்லை, பாபு.

ஜெபத்தில் என்னை நினைத்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள்.

உன் அக்கா,
ஸ்டெல்லா

*

புனே
29 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீயும் அம்மாவும் அம்மா முழங்காலும் நல்லா இருக்க வேண்டிக்கிறேன். கைகூ அக்கா, ஏன் இவ்ளோ கோபம்? நீ அக்காவா, டீச்சரா, தாசில்தாரா, எனக்கே இன்னும் தெரியல. லெட்டர் லேட்டானதுக்கு சாரி.

ஜூன்ல இங்க குளிர் இல்ல அக்கா, மழை. வடாபாவ் நக்கோ, கண்ணுல பாத்தாலே ஓடறேன். ரூம்ல நானே சமைக்கிறேன். காலைல ரெண்டு வாளைப்பழம். அம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா.

கம்பெனி பத்தி என்ன சொல்ல. பம்பு, பைப்பு, இதுக்கெல்லாம் கோட்டிங் போடறோம். ஆர் அண்ட் டி-ல நாங்க அஞ்சு பேர். எங்க மேனேஜர் ஸ்ரீகாந்த் சார் வாரா வாரம் மீட்டிங்ல என்னைத்தான் பாக்கிறார். "டிசம்பருக்குள்ள புதுசா ஏதாச்சும் கொண்டா, இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ"ங்கறார். ஜீடிமெட்லா ஃபேக்டரிக்கு ரெண்டு வருஷம் பஸ்ல தூங்கித் தூங்கிப் போய் கிடைச்ச அனுபவம் இங்க ஒண்ணுக்கும் உதவல. திரும்ப அங்க போக மாட்டேன் அக்கா, செத்தாலும்.

உன் தகடு கதை சூப்பரா இருந்துச்சு. எங்க கம்பெனியிலயும் லேசர் ஒண்ணு இருக்கு, பேர் எழுதறதுக்கு மட்டும் வச்சிருக்காங்க. இன்னும் விவரமா எழுது. பெருமையா இருக்கு.

உன் தம்பி,
பாபு

*

சேசு மரி சூசை துணை

போலாரம்
19 ஜூலை 2024

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாழைப்பழத்தை "வாளைப்பழம்" என்று எழுதியிருக்கிறாய். அதை வாள் எடுத்துத்தான் வெட்டிச் சாப்பிட்டாயா? சரி, இன்று நான் எதற்கும் கோபப்பட மாட்டேன். உட்கார்ந்து படி. பக்கத்தில் யாரும் இருந்தால் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்து படி.

போன வெள்ளிக்கிழமை நாலு தகட்டில் கோடு போட்டேன். அவற்றைத் தூசி படாமல் வைக்கும் கண்ணாடிச் சாடியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். கையில் இருந்தது என் டிபன் டப்பா. மத்தியானம் அம்மா கட்டிக்கொடுத்த எள்ளு சாதம் சாப்பிட்ட டப்பா. சோப்பு இல்லை, வெறும் தண்ணீரில் அலசினேன், நல்லெண்ணெய் வாசம் போகவில்லை. பரவாயில்லை என்று அதிலேயே தகடுகளைப் போட்டு மூடி, சீட்டு ஒட்டிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். எங்கள் லேப் டெக்னீஷியன் சின்னசாமி அண்ணன் சீட்டைப் பார்த்துவிட்டு, காயவைக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று நினைத்து டப்பாவை அப்படியே அடுப்பில் தள்ளியிருக்கிறார். சமையல் அடுப்பு இல்லை, சாம்பிள் காயவைக்கும் மின்சார அடுப்பு. மறுநாள் காலையில் அவரே எடுத்தும் வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை டப்பாவைத் திறந்தேன். அது அடுப்பில் இருந்தது என்று தெரிந்ததும் வெடித்தேன். "என்ன அண்ணே, எண்ணெய் டப்பாவை அடுப்பில வச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். அந்த மனுஷன் முகம் சுருங்கிப் போனது. ஆத்திரத்தோடு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பாபு, அது நிற்கவில்லை! உருண்டு ஓடி மேஜையில் விழுந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் ஓடியது. மூன்று வாரம் ஆக வேண்டியது ஒரே ராத்திரியில் ஆகியிருக்கிறது! சின்னசாமி அண்ணன் காலில் விழாத குறைதான்.

சூட்டில் எழும்பிய எண்ணெய் ஆவி அந்தக் கோடுகளுக்குள் போய் ஒட்டியிருக்க வேண்டும். காற்றில் இருக்கும் அழுக்கு மூன்று வாரமாக மெதுவாகச் செய்கிற வேலை அது. ஆனால் எல்லாத் தகட்டிலும் இல்லை. நாலில் ஒன்றில் மட்டும்தான். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் அரைக்கால் மில்லிமீட்டர் விட்டிருந்தேனே, அந்த ஒன்றில்தான். மற்ற மூன்றிலும் தண்ணீர் சப்பென்று ஒட்டிக்கொண்டது. நோட்டில் மைக்ரான் கணக்கில்தான் எழுதுவேன், உனக்கு மட்டும் அப்பா பாஷையில் எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தும் அவர் வாயில் அதேதானே, "அரைக்கால் இஞ்சு தேய்ச்சா உக்காந்திரும்."

யாரிடமும் மூச்சு விடாதே. சாரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. மூன்று தடவை திரும்பச் செய்து, மூன்று தடவையும் வந்தால்தான் சொல்வேன். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அந்த யாராவது நீதான்.

ஜனவரியைப் பற்றி இனி பயமில்லை. அம்மாவுக்கு ஒன்றும் புரியாமலே பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேசரி கொடுத்துவிட்டாள்.

உன் அக்கா,
ஸ்டெல்லா

*

புனே
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? நான் சுகம். லெட்டர் வந்ததும் ரூம்ல குதிச்சேன், கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டார். கங்கிராட்ஸ் அக்கா! உன் லெட்டர் முழுசா எனக்குப் புரிஞ்சது, ஒரு வார்த்தை கூட யார்கிட்டயும் கேக்கல. பாத்தியா, உன் தம்பி தமிழ் எப்படி?

சில டவுட். எந்த எண்ணெய், நல்லெண்ணெய் மட்டும்தானா, வேற எண்ணெய் போட்டா வருமா? அடுப்பு எத்தனை டிகிரி? எத்தனை மணி நேரம்? டப்பா மூடி டைட்டா இருக்கணுமா? லேசர் பவர் எவ்வளவு வச்சே? உன் வேலை நல்லாப் புரியணும்னுதான் கேக்கறேன்.

சின்னசாமி அண்ணனுக்கு என் வணக்கம். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ப்ராமிஸ்.

உன் தம்பி,
பாபு

*

சேசு மரி சூசை துணை

போலாரம்
15 ஆகஸ்ட் 2024, மாதா விண்ணேற்புத் திருநாள்

அன்புத் தம்பிக்கு,

நலமே இருப்பாய் என்று நம்புகிறேன். ஒன்பதே நாளில் பதில் போட்டாயே, சூரியன் மேற்கே உதித்ததா என்று அம்மா கேட்டாள். பூசை முடிந்து வந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா உனக்காகவும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

உன் கேள்விகளைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஆறு வருஷமாக இந்த வேலையைப் பற்றி வீட்டில் ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. அம்மாவுக்கு நான் ஏதோ வெல்டிங் செய்கிறேன் என்று நினைப்பு. நீ கேட்டதெல்லாம் என் சார் கேட்கிற கேள்விகள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நல்லெண்ணெய் சிறப்பு, தேங்காயெண்ணெய் பாதிக்குப் பாதி. எண்பது டிகிரி. பதினாறு மணி நேரம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆவி போய்விடும். எண்ணெய் தகட்டில் படக் கூடாது, வாசம் மட்டும் படணும். லேசர் பவரும் வேகமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

மூன்று தடவையும் வந்துவிட்டது! சாரிடம் சொன்னேன். மனுஷர் தகட்டைச் சாய்த்துப் பிடித்து அரை மணி நேரம் குழந்தை மாதிரி தண்ணீர் விட்டு விளையாடினார். "எழுதும்மா, உடனே எழுது" என்றார். கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். யுனிவர்சிட்டி மூலமாகக் காப்புரிமைக்கும் போடலாம் என்கிறார், கட்டுரை முடியட்டும் என்று வைத்திருக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். மறுபடி இதே மாதிரி கேள்விகளோடு எழுது.

உன் அக்கா,
ஸ்டெல்லா

*

சேசு மரி சூசை துணை

போலாரம்
22 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் சுகம் தெரியவில்லை. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. அம்மா போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறாய், நான் போட்டால் பஸ்ஸில் இருக்கிறாய். வேலையில் ஏதாவது பிரச்சினையா? டிசம்பர், டிசம்பர் என்று பயந்துகொண்டிருந்தாயே, அந்த மேனேஜர் ரொம்பப் படுத்துகிறாரா? படுத்தினால் வந்துவிடு. இங்கே உப்பலில் வேலை இல்லையா, ஜீடிமெட்லாவில் இல்லையா? வீடு எங்கேயும் ஓடிப் போகவில்லை.

கட்டுரையை ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். ஜனவரிக்குள் தீசிஸ் கொடுத்துவிடலாம் என்று சார் சொல்கிறார். நன்றி சொல்லும் பக்கத்தை முதலிலேயே எழுதி வைத்துவிட்டேன். அப்பா பேர், அம்மா பேர், சின்னசாமி அண்ணன் பேர், எள்ளு சாதம். உன் பேருக்கு மட்டும் தனியாக ஒரு வரி.

இரண்டு வரியாவது எழுது.

அக்கா,
ஸ்டெல்லா

*

புனே
24 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். சாரி, ரொம்ப பிஸி. ஒரு குட் நியூஸ், என்னை பர்மனென்ட் பண்ணிட்டாங்க. டிசம்பர் வரைக்கும் வெயிட் பண்ணல. அம்மாவுக்கு மிக்சி ஒண்ணு அனுப்பியிருக்கேன், வந்துதா? அம்மா இனிமே குனிஞ்சு அரைக்க வேண்டாம்.

தீபாவளிக்கு எல்லாருக்கும் லீவு, ஆனா நான் வர முடியாது. கிறிஸ்துமஸுக்குப் பாக்கறேன்.

சும்மா ஒரு டவுட் அக்கா. நீ சொன்ன மாதிரி முக்கால் மில்லிமீட்டர் விட்டுக் கோடு போட்டா தண்ணி ஒட்டத்தான் செய்யும் போல இருக்கே? ஓடணும்னா வேற ஏதாச்சும் செட்டிங் இருக்கா? நேரம் கிடைச்சா எழுது. அவசரம் இல்ல. ஆனா சீக்கிரம் எழுது.

பாபு

*

போலாரம்
9 நவம்பர் 2024

பாபுவுக்கு,

அம்மா சுகம். மிக்சி வந்தது. தினம் துடைத்துத் துணி போட்டு மூடி வைக்கிறாள்.

உன் கடிதம் வந்த அன்று "முக்கால்" என்ற சொல்லைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தப் பயல் இப்படிப் படித்திருக்கிறானே என்று. அம்மாவிடம்கூடச் சொல்லிச் சிரித்தேன். உன் மேனேஜர் ஆபீஸில் யாரோ சும்மா போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேனே தவிர, வேறு நினைக்கவில்லை. திருத்தி எழுத வேண்டும் என்று மேஜைமேல் வைத்திருந்தேன்.

நாலு நாள் கழித்து ரகுநாதன் சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் கட்டுரையைப் பத்திரிகைக்காகப் படித்துப் பார்த்த யாரோ ஒருவர் அதன் ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார், இதே விஷயத்துக்குப் புனேயில் ஒரு கம்பெனி ஏற்கெனவே காப்புரிமைக்குப் போட்டிருக்கிறது, அவசரக் கட்டணம் கட்டியதால் விண்ணப்பம் வெளியாகியும் விட்டது என்று. சார் அந்தத் தாள்களை என் முன்னால் தள்ளினார். எண்ணெய் ஆவி. எண்பது டிகிரி. பதினாறு மணி நேரம். மூடி இறுக்கம். என் நோட்டைப் பார்த்து எழுதின மாதிரி. ஒன்று மட்டும் தப்பு: கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.75 மில்லிமீட்டர்.

"ஸ்டெல்லா, யாருகிட்ட வித்தே?" என்று கேட்டார் சார். வித்தே என்றார், பாபு. ஆறு வருஷமாக என்னை "என்னம்மா" என்று தவிர வேறு விதமாகக் கூப்பிடாத மனுஷர்.

கடைசித் தாளில் கண்டுபிடித்தவர்கள் பேர் இருந்தது. முதல் பேர் ஸ்ரீகாந்த். இரண்டாவது பேர் பிரான்சிஸ் சேவியர், முன்னால் அப்பாவின் இனிஷியலோடு. உன் ஞானஸ்நானப் பேரை அன்றுதான் ஏழெட்டு வருஷம் கழித்து எழுத்தில் பார்த்தேன். லேப்பில் யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. அவர்களுக்கு நீ என் தம்பி பாபு, அவ்வளவுதான். சார் கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை. வாய் திறந்தால் உன் வேலை போகும் என்றுதான் அப்போதும் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என் நோட்டில் 0.75 கிடையாது. நோட்டில் இருப்பது மைக்ரான். அரைக்கால் என்று நான் எழுதியது உலகத்திலேயே ஒரே ஒரு காகிதத்தில். அது உன்னிடம் இருக்கிறது.

பன்னிரண்டு தடவை போன் போட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். டிசம்பர் 12 அன்று கமிட்டி கூடுகிறது. தகவலை விற்றேன் என்று முடிவானால் என் பதிவையே ரத்து செய்துவிடுவார்கள். ஆறு வருஷமும் போகும், பேரும் போகும். எனக்கு வேண்டியது இரண்டே: 19 ஜூலை தேதியிட்ட என் கடிதம்; அப்புறம், அது எப்படி உன் கைக்கு வந்தது, நீ என்ன செய்தாய் என்று உன் கையால் ஒரு தாள். உன் கம்பெனியில் எப்படி நெருக்கினார்கள் என்பதையும் எழுது, நானும் உனக்காகப் பேசுகிறேன். தப்பு செய்துவிட்டாய். ஒப்புக்கொண்டால் அது தப்போடு நின்றுவிடும், துரோகம் ஆகாது.

டிசம்பர் 10-க்குள் வந்து சேர வேண்டும். ஸ்பீட் போஸ்ட்டில் போடு.

ஸ்டெல்லா

*

புனே
1 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நல்லா இருக்கணும். எனக்கு ஜுரம், அதான் லேட்டு. போன் ரிப்பேர்.

அக்கா, நீ நினைக்கிற மாதிரி இல்ல. நான் சும்மா மீட்டிங்ல பேச்சுவாக்கில சொன்னேன், எங்க அக்கா இந்த மாதிரி பண்றான்னு. ஸ்ரீகாந்த் சார் பிடிச்சுக்கிட்டார். உன் பேரும் போடணும்னு நான் சொன்னேன், சத்தியமா சொன்னேன். அவர் வேண்டாம்னுட்டார், யுனிவர்சிட்டி ஆளுன்னா சிக்கல்னுட்டார். நான் என்ன பண்ண முடியும்? நீ பேப்பர் எழுதற, டாக்டர் ஆவ. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. எவ்வளவு நாள் உன் தயவுல இருக்கறது அக்கா?

அந்த ஜூலை லெட்டர் ரூம் மாத்தும்போது எங்கயோ போச்சு. தேடிட்டேன், இல்ல. தனியா லெட்டர் எழுதிக் குடுத்தா என்னை உள்ள தள்ளிடுவாங்க. அதை மட்டும் கேக்காத. உன்கிட்ட இருக்கற என் பழைய லெட்டர் எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடு, ரெண்டு பேருக்கும் நல்லது.

ஒரே ஒரு ஹெல்ப். ஜனவரி ஆறாம் தேதி கஸ்டமர் முன்னாடி ட்ரயல். முக்கால் மில்லிமீட்டர்ல இருபது தகடு போட்டாச்சு, எல்லாத்துலயும் தண்ணி ஒட்டுது. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. சரியான நம்பர் என்னன்னு மட்டும் ஒரு கார்டுல எழுதிப் போடு. ஒரே ஒரு நம்பர். உனக்கு அதனால ஒரு நஷ்டமும் இல்லையே. என் வேலை நிக்கும்.

அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு வரப் பாக்கறேன்.

உன் தம்பி,
பாபு

*

போலாரம்
14 டிசம்பர் 2024

பாபு,

அம்மா சுகம். ஒன்றும் தெரியாது.

10-ஆம் தேதி வரை தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். 6-ஆம் தேதியே உன் கடிதம் வந்துவிட்டது. ஆனாலும் நின்றேன், அந்தக் கடிதத்தைத் தொடர்ந்து இன்னொரு கடிதம் வரும் என்று. "கிழிச்சுப் போட்டுடு" என்று எழுதினவன் மறுநாளே மனசு மாறி எழுதுவான் என்று. வரவில்லை.

12-ஆம் தேதி கமிட்டியில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நான்கு பேருக்குத் தமிழ் தெரியாது. சாரங்கபாணி என்று ரிட்டயர் ஆன பேராசிரியர் ஒருவருக்கு மட்டும் தெரியும். "தகவலை நீங்களே வித்திருந்தா இந்த ஒரு நம்பர் ஏன் தப்பா இருக்கு?" என்று அவர்தான் கேட்டார். நான் எழுந்து போய் போர்டில் "அரைக்கால்" என்று எழுதினேன். "சார், இது எவ்வளவு?" என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "எட்டில் ஒண்ணு. எங்க அப்பா நிலம் அளக்கையிலே சொல்லுவார்" என்றார். "இதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன், அரையையும் காலையும் கூட்டிப்பான், இல்லையா?" என்றேன். அவர் போர்டில் விரல் வைத்து அரை, கால், முக்கால் என்று கூட்டினார். அப்புறம் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. மற்ற நாலு பேருக்கும் அவர்தான் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னார்.

"படிச்சது யாரு?" என்று கேட்டார்.

பாபு, என் கடிதத்தை நீ தொலைத்துவிட்டாய். உன் கடிதங்களை நான் தொலைக்கவில்லை. உன் முதல் கடிதத்திலிருந்து எல்லாம் அம்மாவின் ஜெபப் புத்தகம் இருக்கும் பெட்டியில்தான் வைத்திருக்கிறேன். எந்த எண்ணெய், எத்தனை டிகிரி என்று கேட்ட ஜூலைக் கடிதம். "முக்கால் மில்லிமீட்டர்" என்று எழுதின அக்டோபர்க் கடிதம். மேனேஜர் பிடித்துக்கொண்டார் என்று எழுதின கடைசிக் கடிதம். மூன்றையும் மேஜைமேல் வைத்தேன். தேதியோடு, தபால் முத்திரையோடு, உன் கையெழுத்தில். கை கூசியது. "என் தம்பி" என்று சொன்னேன். ஓரமாக உட்கார்ந்திருந்த ரகுநாதன் சார் தலையைக் குனிந்துகொண்டார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை, அங்கேயே அழுதுவிட்டேன்.

பதிவு ரத்து இல்லை. ஜனவரியில் தீசிஸ் கொடுக்கலாம். வெளியாகாத வேலையை வெளியே எழுதினதற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்திருக்கிறார்கள், அது எனக்கு வேண்டியதுதான். உன் கம்பெனியின் விண்ணப்பத்துக்கு யுனிவர்சிட்டி ஆட்சேபம் போடுகிறது. உன் கடிதங்கள் இப்போது அவர்களிடம். அவற்றைக் கிழிக்க என்னால் முடியவில்லை, திரும்ப வாங்கவும் முடியாது.

உன்னை எவ்வளவு நாள் என் தயவில் வைத்திருந்தேன் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு அது தயவு என்றே தெரியாது. நீ எழுதித்தான் தெரிந்தது.

நீ கேட்ட நம்பர். கமிட்டி முடிவைச் சார் அன்றே பத்திரிகைக்கு அனுப்பினார், கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், அடுத்த மாதம் வெளியாகிறது, உன் மேனேஜரே படித்துக்கொள்ளலாம். ஆனாலும் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். அரைக்கால் என்றால் காலில் பாதி. அரையும் காலும் இல்லை. நூற்றிருபத்தைந்து மைக்ரான். உனக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தேன், கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். இந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருக்கிறேன். அது ஒன்றுதான் என்னைக் காப்பாற்றியது.

நன்றி சொல்லும் பக்கத்தில் உன் வரியை எடுத்துவிட்டேன்.

இனி மாதாமாதம் எழுத வேண்டாம். தமிழிலும் எழுத வேண்டாம்.

ஸ்டெல்லா

பி.கு.: இதை ஒட்டப்போகும்போது அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள். உனக்குத்தான் எழுதுகிறேன் என்று தெரிந்துவிட்டது. அவள் சொல்கிறதை அப்படியே எழுதச் சொல்கிறாள், எழுதுகிறேன்: "பாபு, மிக்சி நல்லா இருக்குப்பா. இன்னும் ஓட்டல, கிறிஸ்துமஸுக்கு நீ வந்தாத்தான் ஓட்டணும்னு வச்சிருக்கேன். உனக்கு எள்ளு சாதம் பிடிக்குமேன்னு எள்ளு வாங்கிட்டேன். அக்கா பரிச்சையில பாஸாயிட்டாளாம், உனக்குத் தெரியுமா?"